ரஞ்சிக்கு விட்ட இடம்

பன்னிரண்டு அப்போஸ்தலர் என்று பெயர் வைத்துவிட்டு ஏழோ எட்டோ பாறைகள் மட்டும் நிற்கிற, அவுஸ்திரேலியாவின் அந்தத் தெற்குக் கடற்கரையில், ஒரு ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில், கடலுக்குள் நின்ற சுண்ணாம்புப் பாறை ஒன்று கரையேறி வந்து, பரஞ்சோதி குடும்பத்தின் வரிசையில் காலியாக இருந்த இடத்தில் நின்று, படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனது. நம்பாதவர்கள் சிட்னியில் பெண்டில்ஹில்லுக்கு வந்து ஆல்பத்தைப் பார்க்கலாம். பரஞ்சோதியின் மனைவி கிருபா சும்மா காட்டமாட்டாள், தேத்தண்ணியும் பற்றிஸும் தந்துதான் காட்டுவாள், ஆகையால் வந்தவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை. நான் அவர்களுக்கு மூன்றாம் வீட்டுக்காரி, எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன்.

அந்த இடம் பாறைக்கு விட்ட இடம் அல்ல. அது கிருபாவின் தங்கை ரஞ்சிதமலருக்கு விட்ட இடம். ரஞ்சி யாழ்ப்பாணத்தில், ஏழாலையில், தாய் தகப்பன் வாழ்ந்து முடித்த வீட்டில் தனியாக இருந்து, முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பவள். அக்காவைப் பார்க்க வர மூன்று தரம் விசாவுக்குப் போட்டாள். மூன்று தரமும், நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்று மரியாதையாகக் கடிதம் வந்தது. ஏழாலையை விட்டுச் சுன்னாகம் சந்தைக்குப் போனாலே பன்னிரண்டு மணிக்கு முன்னம் திரும்பிவிடுகிறவளைப் பற்றி இப்படி எழுதினார்கள் என்று கிருபா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், பிறகு அழுவாள்.

வர முடியாதவர்களுக்குப் படத்தில் இடம் விடுவது எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம்தான். கலியாணப் படத்தில் கனடாத் தமையனுக்கு ஒரு இடம், பூப்புனித நீராட்டு விழாவில் லண்டன் மாமிக்கு ஒரு இடம் என்று விட்டுவைத்தால், பிறகு ஊர் ஸ்ரூடியோக்காரர் அவர்களை வெட்டி ஒட்டி, நிழலும் போட்டு, பிறந்ததிலிருந்து அங்கேயே நின்றவர்கள்போலச் செய்து தந்துவிடுவார். பரஞ்சோதி இதை ஒரு விரதம்போலச் செய்தார். ரயில்பெட்டி திருத்தும் இடத்தில் வேலை செய்கிற அவருக்கு எதுவும் அளவாக இருக்க வேண்டும். மூன்றுகால் தாங்கியில் கமராவைப் பூட்டி, இளைய மகள் ஆரணி, மூத்த மகள் துவாரகா, பிறகு ரஞ்சியின் இடம், பிறகு கிருபா என்று நிற்கவைத்து, மடக்கிய குடையைத் துவாரகாவின் தோளுக்கும் கிருபாவின் தோளுக்கும் நடுவில் குறுக்கே பிடித்துப் பார்த்து, பதினெட்டு அங்குலம் சரி என்று கண்டால்தான் குடையை எறிந்துவிட்டு, கமராவை அழுத்தி, பத்து விநாடிக்குள் ஓடிவந்து மற்றக் கரையில் நிற்பார். துவாரகா தன் இடக்கையைக் கொஞ்சம் உயர்த்தி, சித்தியின் தோளில் போட்டதுபோல வெறுங்காற்றில் போட்டுக்கொண்டு நிற்பாள். இப்படிப் பத்து வருடம் நின்று நின்று அவளுக்கு அந்தக் கை நோவதே இல்லையாம்.

அந்தப் படங்கள் சுன்னாகத்துக்குப் போகும். அங்கே லோகன் என்ற ஸ்ரூடியோக்காரர் இருந்தார். ரஞ்சியோ, இந்த உலகத்தில் நான் கண்ட பெண்களுக்குள்ளே பெரிய பயணி. மூன்று கிலோமீற்றர் பஸ்ஸில் போய், பனிமலைப் படம் வந்தால் இரவல் வாங்கின கோட்டைப் போட்டு, கடற்கரைப் படம் வந்தால் லோகனின் மேசை விசிறிக்கு முன் நின்று தலைமயிரைப் பறக்கவிட்டு, அங்கே எந்தப் பக்கத்திலிருந்து வெயில் விழுந்தது என்று அக்காவின் மூக்கின் நிழலைப் பார்த்துக் கண்டுபிடித்து அந்தப் பக்கம் கண்ணைச் சுருக்கி, காற்றடிக்கிற முனை என்றால் காலைக் கொஞ்சம் அகட்டி ஊன்றி நிற்பாள். கட்டூம்பாவின் மூன்று சகோதரிப் பாறைகளுக்கு முன்னாலும், கோல்பேர்னின் சீமெந்துச் செம்மறியாட்டுக்கு முன்னாலும், கொஃப்ஸ் ஹார்பரின் பெரிய வாழைப்பழத்துக்கு முன்னாலும், பைரன் முனையின் வெளிச்சவீட்டுக்கு முன்னாலும் அவள் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கிருபா வீட்டுக்கு வந்த மெல்பேர்ண்காரர் ஒருவர் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் தங்கச்சியைத்தான் போன மாதம் டப்போ மிருகக்காட்சிச்சாலையில் கண்டேன், கதைத்தும் இருக்கிறேன் என்று சத்தியம் செய்தார்.

ஏழாலையிலும் அவளுக்கு அந்த மதிப்பு இருந்தது. பிள்ளைகளை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்புகிற தாய்மார் அவளிடம் வந்து சிட்னியிலிருந்து கன்பராவுக்கு எத்தனை மணித்தியாலம், இடையில் எங்கே நிறுத்திச் சாப்பிடலாம் என்று கேட்பார்கள். அவள் பிழையில்லாமல் சொல்லுவாள்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை வெறும் வேடிக்கையாகப் போய்விடும். கிருபா ஊரை விட்டு வந்து இருபத்திரண்டு வருடம். முதல் சில வருடம் போக முடியாத நிலை, அது உண்மை. அதற்குள் தகப்பன் போய்விட்டார். பிறகு கடவுச்சீட்டுக் கிடைத்தது, போகக்கூடிய நிலை வந்தது, தாயும் போய்விட்டா, கிருபா போகவில்லை. இரண்டு செத்தவீட்டையும் ரஞ்சி ஒருத்தியே நின்று செய்தாள். ஏன் வரவில்லை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் கிருபா ஒருநாளும் போனதில்லை. ஒவ்வொரு விடுமுறையும் வடக்கே, தெற்கே, மேற்கே என்று காரை விட்டுக்கொண்டு போய், ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் மலையையும் கடலையும் பற்றியே ஒரு மணித்தியாலம் கதைத்து வைத்துவிடுவாள். எனக்கு இது தெரியும், எங்கள் தெருவுக்கே தெரியும், ஆனால் அடுத்த வீட்டு அடுப்பில் எது கொதிக்கிறது என்று மூடியைத் திறந்து பார்க்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

அப்போஸ்தலர் கரையில் எடுத்த ஜூலைப் படம் போய் இரண்டாம் நாள் லோகன் தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா, நீங்கள் விட்ட இடத்தில ஒரு கல்லு வந்து நிக்குது. நான் ரஞ்சியக்காவை எங்க வைக்கிறது?"

எல்லாரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பாறை ரஞ்சியின் உயரத்துக்குத் தன்னைக் குறுக்கி, துவாரகாவின் கைக்குக் கீழே தோளைக் கொடுத்து, அடியில் கடல்நீர் சொட்டச் சொட்ட நின்றது. இவ்வளவு அழகாக ஒரு விருந்தாளி நின்று நான் பார்த்ததில்லை, ஒருவரையும் இடிக்காமல், ஒருவரையும் மறைக்காமல். பின்னால் கடலில் அது நிற்கவேண்டிய இடத்தில் நுரை மட்டும் வட்டமாக இருந்தது. துவாரகா அப்போதுதான் சொன்னாள், அன்றைக்குக் கைக்குக் கீழே ஏதோ ஈரமாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது, இரண்டு நாளாக உள்ளங்கையில் உப்பு மணத்தது, அதைச் சொல்லவேண்டும் என்று தனக்குத் தோன்றவில்லை என்று. பரஞ்சோதிக்குக் கவலை எல்லாம் அளவைப் பற்றித்தான். குடையை எடுத்துத் திரும்பவும் அளந்து பார்த்தார், பதினெட்டு அங்குலம் பதினெட்டாகவே இருந்தது.

அடுத்த விடுமுறைக்குக் கயாமாவுக்குப் போனார்கள். அங்கே வெள்ளை வெளிச்சவீடு வந்து நின்றது. அதற்கடுத்து ஒரு நீண்ட வார இறுதியில் சிட்னிப் பாலத்தடியில் நின்றார்கள், பாலம் தன் இரும்பையெல்லாம் மடித்து ஒடுக்கிக்கொண்டு வந்து கிருபாவுக்கும் துவாரகாவுக்கும் நடுவில் நின்றது. கமரா ஒருதரம் கண் சிமிட்டுகிற நேரம்தான், ஆகவே பாலத்தில் போன ரயிலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் இருந்த ஒரு தாதி மட்டும், கொஞ்ச நேரம் யாரோ ஒரு பெண்பிள்ளை தன் தோளில் கை போட்டதுபோல இருந்தது என்று பிறகு சொன்னதாகக் கேள்வி.

செய்தி பரவியபோது எங்கள் சனம் என்ன செய்யும்? ஏன் எப்படி என்று கேட்டு நேரத்தை வீணாக்குகிற சனம் இல்லை நாங்கள். பார்க்கப் போன பொருளை மறைத்துக்கொண்டு நிற்பதில் எங்களை யாரும் வெல்ல முடியாது, இவ்வளவு காலமும் நம்முடைய முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மலைக்கும் கடலுக்கும் ஒருநாள் முன்னால் வர ஆசை வந்திருக்கும் என்று தமிழ்ப் பள்ளிச் சிற்றம்பலம் மாஸ்ரர் சொன்னார், அதோடு காரணம் தேடுவது முடிந்தது. அடுத்த சனிக்கிழமையே ஆளுக்கொரு காரில் ஏறி, ஐஸ்பெட்டியில் றோல்ஸும், போத்தலில் மோரும் வைத்துக்கொண்டு, வராதவர்களுக்கு இடம் விட்டுப் படம் எடுக்கப் போய்விட்டார்கள்.

போகப் போக இதிலும் ஒரு முறை இருக்கிறது என்று தெரிந்தது. வருவதற்கு உண்மையாக விரும்பி, வர முடியாமல் போனவர்களுடைய இடத்துக்குத்தான் மலையோ கடலோ வரும். சிற்றம்பலம் மாஸ்ரர், தலையிடி என்று பொய் சொல்லி வீட்டில் நின்ற மனைவிக்கு இடம் விட்டு நின்றார். ஒரு கடற்பறவைதான் வந்து நின்று, அவர் கையிலிருந்த றோல்ஸையும் பறித்துக்கொண்டு போனது. கோயில் நிர்வாகத்தார் ஒரு பெரிய மனிதரின் பெயரில் இடம் விட்டார்கள், படத்தில் குப்பைத்தொட்டி நின்றது. அதை அவர்கள் யாருக்கும் காட்டவில்லை, ஆகையால் எல்லாருக்கும் தெரியும். வருடாந்த ஒன்றுகூடலில் ஆளாளுக்கு இடம் விட்டதில் வரிசை பல்லு விழுந்த வாய்போல ஆகி, கடல்நீர் புகுந்து மேலே பீறிடுகிற கயாமாவின் நீரூற்றுக் குகை வந்து நடுவில் நின்று எல்லாரையும் நனைத்துவிட்டது. அன்றைக்கு நனைந்த சேலையை நான் இன்னும் உப்புக்கறை போகாமல் வைத்திருக்கிறேன், போக்க மனமில்லை.

வெள்ளைக்கார அயலவர்களும் பழகிவிட்டார்கள். பாறைகளைப் பார்த்துக்கொள்கிற பூங்கா அலுவலர் ஒருவர், எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தால் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று சொன்னார். பஸ் ஓட்டிகள் எங்களைக் கண்டால் பயணிகளிடம், இவர்கள் படம் எடுத்து முடியட்டும், அதுவரை அந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இருக்காது என்று சொல்லிக் காத்திருப்பார்கள்.

திலகவதி என்று ஒருத்தி பெண்டில்ஹில்லில் எங்கள் பக்கம் இருக்கிறாள், அவளுடைய தம்பி யுத்தத்தின் கடைசி மாதங்களில் எங்கே போனான் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. அவள் ஒருவரிடமும் சொல்லாமல் சிட்னிக்கு மேற்கே நீலமலைக்குப் போய், கட்டூம்பாவின் விளிம்பில் தன் பக்கத்தில் ஒரு இடம் விட்டு, போகிற யாரோ ஒரு சீனத்துப் பெண்ணிடம் கமராவைக் கொடுத்து நின்றாள். முழு மலையும் வந்தது. பள்ளத்தாக்கும், யூக்கலிப்டஸ் காடும், நீலப்புகாரும் எல்லாம் வந்து, ஒரு ஒல்லியான பொடியன் நிற்கிற அளவுக்குள் ஒடுங்கி, அவள் பக்கத்தில் சத்தமில்லாமல் நின்றது. நான் அந்தப் படத்தைப் பார்த்து அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சாமியறையில் வைக்கலாமா என்று அவள் ஐயரிடம் கேட்டாள், உயிரோடு இருக்கிறவரையும் இல்லாதவரையும் பற்றித்தான் எங்களுக்கு விதி இருக்கிறது அம்மா, இது இரண்டும் இல்லை, ஹோலில் நல்ல வெளிச்சம் விழுகிற இடத்தில் வையுங்கள் என்று ஐயர் சொன்னார். நல்ல ஐயர்.

இப்படி ஊரெல்லாம் கொண்டாடிக்கொண்டு இருக்கையில், ரஞ்சிக்கு இடம் இல்லாமல் போனது.

முதல் தரம் அவள் சிரித்தாள், கல்லு என்னைவிட வடிவாய் நிக்குது என்றாள். வெளிச்சவீடு வந்தபோது, பரவாயில்லை என்றாள். பாலம் வந்தபோது லோகனின் ஸ்ரூடியோவுக்கு அவள் போகவே இல்லை, தான் மேசை விசிறியைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்ததாக லோகன் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கிருபா தொலைபேசி எடுத்தபோது பாலத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல், "இனி எனக்கு இடம் விடாதேங்கோ அக்கா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது.

கிருபா என்னிடம் வந்து இருந்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. தனக்கு இந்த உலகத்தில் கூடப்பிறந்தது என்று ரஞ்சி ஒருத்திதான், அவளும் போனால் தன்னை அக்கா என்று கூப்பிட ஆளில்லை என்று சொன்னாள். எல்லாரும் கொண்டாடுகிற ஒரு அதிசயம் ஒரு வீட்டில் மட்டும் இழவாய் விடிந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

அவள் செய்யாத முயற்சி இல்லை. இடத்தைச் சுருக்கி எட்டு அங்குலம் விட்டுப் பார்த்தாள், அதற்குள்ளும் ஒரு சவுக்குமரம் வந்து பக்கவாட்டில் நின்றது. இடமே விடாமல் நெருக்கி நின்று பார்த்தாள், ஒன்றும் வரவில்லை, ஆனால் அந்தப் படத்தை அவளால் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை, துவாரகாவின் கையும் தொங்கிப்போய்க் கிடந்தது. கடைசியில் பரஞ்சோதி ஒரு யோசனை சொன்னார். இவ்வளவு பெரிய பாலம் மடியும், பாறை மடியும், ஆனால் நாட்டின் நடுவில் கிடக்கிற உலுரு என்ற அந்த ஒற்றைக்கல் மலை மடியுமா? அது வர நினைத்தாலும் பதினெட்டு அங்குலத்துக்குள் எப்படி அடங்கும்? அங்கே போவோம், அங்கே ரஞ்சிக்கு இடம் நிச்சயம் என்றார்.

அடுத்த வருடம் செப்டெம்பர் விடுமுறையில் மூன்று நாள் காரோடிப் போனார்கள். பச்சை முடிந்து, மஞ்சள் முடிந்து, மண் சிவந்து, வானம் பெருத்து, ஒரு வீட்டையும் காணாமல் ஒரு பகல் முழுக்க ஓடிய பிறகு, அந்த மலை தூரத்தில் தெரிந்ததாம். பார்க்கப் பார்க்கக் கிட்ட வராமல், ஆனால் பெருத்துக்கொண்டே இருந்ததாம். அந்த மண்ணுக்குரிய மக்கள் மலையின் சில பக்கங்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். பரஞ்சோதி அந்தப் பக்கங்கள் வந்தபோது கமராவைப் பையில் போட்டுப் பூட்டி, செருப்பின் சத்தமும் வராமல் நடந்தார். கிருபா குனிந்து தன் காலைப் பார்த்தாள். பாதம் முழுக்கச் செம்மண். ஏழாலைச் செம்பாட்டுத் தோட்டத்துக்குள் நடந்துவிட்டு வந்தால் கால் இப்படித்தான் இருக்கும் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

எடுக்கலாம் என்று விட்டிருந்த இடத்தில், பொழுது சாய முன்னம், குடையால் அளந்து, இடம் விட்டு, படம் எடுத்தார்கள். உலுரு வரவில்லை. அது இருந்த இடத்திலேயே, சிவந்து, அமைதியாக, எல்லாரையும் பார்த்துக்கொண்டு இருந்தது. படத்தில் கிருபாவுக்கும் துவாரகாவுக்கும் நடுவில் பதினெட்டு அங்குலம் வெறுமையாக, சுத்தமாக இருந்தது. அந்தக் காரடியிலேயே அவர்கள் றோல்ஸ் சாப்பிட்டுக் கொண்டாடி, படத்தை லோகனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

லோகன் அதைக் கொண்டு ஏழாலைக்கே போனார். ரஞ்சி அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அன்றைக்கு அவளே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தாள், கார் திரும்பி வருகிற வழியில், ஒரு பெற்றோல் நிலையத்தில் அவர்கள் நிற்கிற நேரத்தில். கிருபா சந்தோசத்தில் சத்தத்தைக் கூட்டி எல்லாருக்கும் கேட்கவிட்டாள், அதனால்தான் துவாரகா கேட்டு எனக்குச் சொன்னாள்.

"அக்கா, அந்த மலை வரேல்லை என்ன" என்றாள் ரஞ்சி.

வரவில்லை, உனக்கு இடம் இருக்கிறது, லோகனிடம் போய் நில், வெயில் இடப்பக்கம் என்று கிருபா அவசரமாகச் சொன்னாள்.

"நான் போகேல்லை. அது தன்ர இடத்தில நிண்டுது, நீங்கள்தான் மூண்டு நாள் கார் ஓடிப் போய்ப் பாத்தனீங்கள். நானும் இஞ்ச நிக்கிறன் அக்கா. இருபத்திரண்டு வருசமா இஞ்சதான் நிக்கிறன்."

அதோடு ரஞ்சி தொலைபேசியை வைத்துவிட்டாள். கிருபா தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே காருக்குள் ஏறி இருந்தாள். பரஞ்சோதி காரை எடுத்தார். இரண்டு மணித்தியாலம் ஓடி அடுத்த ஊர் வந்தபோது கிருபா, "டிசெம்பரில ஊருக்குப் போவம்" என்றாள்.

எங்கள் சனத்துக்கு இது பாலம் வந்ததைவிடப் பெரிய செய்தி. ஆளாளுக்கு ஊருக்குக் கொடுத்துவிடப் பால்மாப் பெட்டி, சத்துமாவு, கொட்டன் சேலை என்று கொண்டுவந்து கிருபாவின் ஹோலில் குவித்தார்கள். கிருபா எதையும் அடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் என்னிடம் வந்து, ஏன் வரவில்லை என்று ரஞ்சி கேட்டால் நான் என்ன சொல்ல என்பாள். பதில் இல்லாமலேதான் விமானம் ஏறினாள், அதற்காக நான் அவளை மெச்சுகிறேன். பதில் இருந்தால் யாரும் போவார்கள்.

இனி நான் சொல்வது துவாரகா சொன்னது. ஏழாலையில் வாடகை வான் வண்டி நின்றபோது ரஞ்சி படலையடியில் நின்றாள். படங்களில் கண்ட சித்தி அல்ல. விட்ட இடத்துக்குள் அடங்க லோகன் ஒடுக்கி, நரையும் மறைத்து ஒட்டின ஒல்லிச் சித்தி இல்லாமல், நரை ஓடின, நன்றாகச் சதை வைத்த, கண்ணாடி போட்ட ஒரு ரீச்சர் நின்றாள். அவளைச் சுற்றி முன்பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், சிட்னிப் பாலத்தையும் பெரிய வாழைப்பழத்தையும் இரண்டு வயதிலிருந்தே தெரிந்த பிள்ளைகள், அவுஸ்திரேலியாவிலிருந்து என்ன வந்து இறங்கப்போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிருபா இறங்கினாள். எதை இவ்வளவு காலமும் கடலையும் மலையையும் சொல்லி ஒளித்து வைத்தாளோ, அது முதல் வார்த்தையாகவே வெளியே வந்துவிட்டது.

"அப்பான்ர செத்தவீட்டுக்கு நான் வரேல்லை ரஞ்சி. அம்மான்ரைக்கும் வரேல்லை."

"தெரியும்" என்றாள் ரஞ்சி. "நான் நிண்டனான்தானே."

பிறகு, கால் முகம் கழுவுங்கோ, புட்டு ஆறுது என்றாள். அவ்வளவுதான். கிருபாவோ கிணற்றடியில் நின்று, வாளியைப் பிடித்தபடி, பிள்ளைகள் பார்க்கப் பார்க்கத் தேம்பித் தேம்பி அழுதாள். ரஞ்சி தண்ணீர் அள்ளி அவள் காலுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தாள், கால் கழுவி முடிந்து எவ்வளவோ நேரத்துக்குப் பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் முற்றத்தில் பரஞ்சோதி கமராவைப் பூட்டினார். ஆரணி, துவாரகா, பிறகு ரஞ்சி, பிறகு கிருபா. வழக்கம்போல அளந்து நிற்பாட்டிய இடத்துக்குள் ரஞ்சி வந்து நிற்கப் பார்த்தாள், கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய தங்கைக்குத்தான் அவர்கள் இவ்வளவு காலமும் இடம் விட்டு வந்திருக்கிறார்கள். தள்ளுங்கோ, தள்ளுங்கோ, இன்னும் தள்ளுங்கோ என்று கமராவை அழுத்திவிட்ட பரஞ்சோதி கத்த, எல்லாரும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் தள்ள, இவ்வளவு காலமும் காற்றில் கிடந்த துவாரகாவின் கை ஒரு சூடான, கனமான தோளில் விழ, அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்துத் திரும்பவும் போட, அதற்குள் பத்து விநாடி முடிந்துவிட்டது.

அந்தப் படத்தை நான் பார்த்தேன். பரஞ்சோதி பாதி ஓட்டத்தில், முதுகுதான் தெரிகிறது. ஆரணியின் கண் மூடிக்கிடக்கிறது. துவாரகா வாயைத் திறந்தபடி தன் கையைப் பார்க்கிறாள். கிருபாவின் முகம் ரஞ்சியின் கழுத்துக்குள் போய்விட்டது, கொண்டை மட்டும் இருக்கிறது. இவ்வளவு மோசமாக எடுத்த படம் அந்த ஆல்பத்தில் வேறு இல்லை.

லோகன் அதைக் கண்டு தலையில் கைவைத்தார். ஆரணிக்கு வேறு படத்திலிருந்து கண் எடுத்து வைக்கலாம், பரஞ்சோதி அத்தானைத் திருப்பலாம், கிருபாக்காவின் முகத்தைப் பாலத்துப் படத்திலிருந்து எடுத்து வடிவாக வைக்கலாம், ஒரு மணித்தியால வேலை என்றார்.

"ஒண்டும் செய்யாதேங்கோ லோகன்" என்றாள் ரஞ்சி. "எல்லாரும் நிக்கினம்."